படுக்கையில் எழுதிய பரீட்சை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் நச்சரிப்பு தாங்காமல் உங்கள் தம்பியை ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை. பீரோ தூக்கும்போது மட்டும் படபடப்பாக வருகிறது, கண் இருட்டுகிறது என்று சொன்னதால், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்ன மிஷின் ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யுமாம்.

நான் விடுவேனா? சாமான் ஏற்றும் வேலைக்கு லீவு போட வைத்து, கட்டிலை விட்டு அசையவிடவில்லை. சாப்பாடும் அங்கேயே போனது. "புது மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடையாதுடி" என்று ஒரே கிண்டல். ரிசல்ட்டில் ஒரு குறையுமில்லை. "ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்னு அக்காவுக்கு எழுதிடு" என்கிறார். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 9

என் தம்பியின் அருமைப் பெண்டாட்டிக்கு,

படித்துச் சிரித்தேன். பிறகு திக்கென்றது. அடி பைத்தியமே, எனக்கு அந்த மிஷினைக் கட்டியபோது, "வழக்கமா செய்யற வேலையெல்லாம் செய்யுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். பாரம் தூக்கும்போதுதானே அவனுக்குப் படபடப்பு? படுத்துக் கிடந்தவனிடம் அது என்னத்தைக் கண்டுபிடிக்கும்? டாக்டரிடம் நடந்ததைச் சொல். அவர் மறுபடி பார்க்கும்வரை பாரம் தொட விடாதே. எங்கள் அப்பா நின்ற இடத்திலேயே விழுந்தார். அப்போது நீ இந்த வீட்டுக்கு வரவில்லை. எனக்கு ஒருமுறை பார்த்தது போதும்.

உன் மேல் கோபமில்லை. உடனே கிளம்பு.

அண்ணி

மார்ச் 30

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை அழைத்துவரச் சொன்னார், அதுவரை பாரம் கூடாது என்றார். இவர் கேட்கவில்லை. "பாஸான பையனைத் திரும்பப் பரீட்சை எழுதச் சொல்றீங்களா ரெண்டு பேரும்" என்று சிரித்துக்கொண்டே சனிக்கிழமை வேலைக்குப் போனார். வாஷிங் மெஷினை மூன்றாவது மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இவதான் படுக்க வச்சா" என்று சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் என்னிடமும் வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து அவர் பகலில் வீட்டில் படுத்திருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போனை நீங்கள் எடுப்பதில்லை. திட்டுவதற்காவது ஒருமுறை வாருங்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவரைப் பற்றி உட்கார்ந்து பேச எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

உங்கள் தம்பி மனைவி