கிழிக்காத ஒன்பது மஞ்சள் சீட்டுகள்

ஜனவரி 20, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டிடமா? பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இப்போதுதான் கண்ணை மூடினாள்.

மைசூர் அலுவலகத்தில் ஒரே பேச்சு, எங்கள் குழுவை நடத்தும் டாக்டர் ஈவ்லினின் ஃபெலோஷிப், எங்கள் சம்பளமெல்லாம் வருகிற ஆராய்ச்சிப் பணம். ஐந்து வருடத்துக்கு முன் கிடைத்தது ஜூனோடு முடிகிறது. அடுத்தது பெரியது. புற்றுநோய் ஆராய்ச்சியில் பல வருட அனுபவத்தோடு, சொந்தமாக ஒரு குழுவை நடத்துகிறவர்களுக்கு மட்டும். நாடு முழுக்க நாலு பேருக்குத்தான் கொடுப்பார்களாம். வந்தால் குழு இருக்கும். வராவிட்டால் நாங்கள் ஏழு பேரும் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். 31-ஆம் தேதி கடைசி நாள்.

என் பங்கு ஒரே ஒரு அட்டவணை. கொள்ளேகால், ஹனூர் பக்கம் நாங்கள் நடத்திய முகாம்களில் வாயில் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

"மத்தவங்க சாம்பிள் எடுத்துட்டு ஓடிடுவாங்க கேரல். நாம அப்படி இல்லன்னு காட்டப்போறது உன் டேபிள்தான்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டுப் புத்தகத்தின் எண்ணைப் பார்த்து, ராமாபுரத்துக்கு நேரே 31-க்கு 31 என்று போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரி 22, புதன்

மதியம் சாப்பிடும்போது போன்.

"மேடம், ராமாபுரம் கெம்பம்மாவோட மருமக வினிதா பேசறனுங்க. போன ஜூன் மாசம் அத்தை வாயில துளி சதை எடுத்தீங்களே…"

கெம்பம்மாவுக்கு வாய் திறக்க முடியவில்லை. கஞ்சிதான். கன்னத்தில் கட்டி, கழுத்திலும். கொள்ளேகாலில் பார்த்தவர்கள் மைசூருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டேன். நான் கேட்டேன். நான்!

"நீங்கதானுங்களே சொன்னீங்க, எதாச்சும் இருந்தா கூப்புடறம்னு. கூப்புடல. அதனால ஒண்ணுமில்லன்னு அத்தை இருந்துட்டாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை.

சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள். வெள்ளை எங்களுக்கு. மஞ்சளைக் கிழித்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை எல்லாம் அதில்தான் இருக்கும். ஆராய்ச்சிக்கு எடுக்கிற சதை வெறும் எண்ணோடு ஃப்ரீசருக்குப் போய்விடும். அதைப் பார்த்து யாரும் யாருக்கும் முடிவு சொல்வதில்லை. அதனால்தான் அந்த மஞ்சள் சீட்டே.

23-லிருந்து 31 வரை மஞ்சள் அப்படியே இருக்கிறது. ஒன்பது.

கெம்பம்மா 24.

ஜனவரி 23

போன் அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அடிக்காவிட்டால் இன்னும் மோசம்.

ஜனவரி 24, வெள்ளி

எழுதித் தீர்க்கப் பார்க்கிறேன். ஜூன் 18, ராமாபுரம் பள்ளிக்கூட வராண்டா. பாப்பாவுக்கு அப்போது நாலு மாதம், அம்மாவிடம் விட்டுப் போயிருந்தேன். மத்தியானத்திலிருந்தே பால் கட்டி வலி. சுடிதார் நனைந்து, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நாலரைக்குக் கொள்ளேகால் பஸ்.

ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் பிடித்தது. இங்கே சதை எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இருபத்திரண்டு பேருக்குப் பொறுமையாகச் சொன்னேன். நிஜமாகவே பொறுமையாக. பிறகு முடியவில்லை.

"இன்னொருக்கா அவ்வளவு தூரம் எதுக்கு கண்ணு? நீங்கதான் எடுத்துட்டீங்களே" என்றார் கெம்பம்மா.

"சரிம்மா, எதாவது இருந்தா நாங்களே கூப்பிடறோம்."

"கூப்புடுவீங்கல்ல?"

"கண்டிப்பா."

கூப்பிட மாட்டோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவருக்கு முன்னால் நின்றவருக்கும், பின்னால் வரிசையில் இருந்தவர்களுக்கும் அதையே. சீட்டுகளை மறுநாள் தபாலில் அனுப்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு. மறுநாள் பாப்பாவுக்குத் தடுப்பூசி. அதோடு மறந்தேன்.

கெம்பம்மா என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டார். "அடக் கடவுளே, பச்சப்புள்ளக்காரியா நீ? புள்ள பசியில கத்திட்டு இருக்கும். போ போ, பஸ்ஸு வந்துரும்" என்று என் பையை அவரே தூக்கிக் கொடுத்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் கணவர் லெஸ்லியிடம் சொன்னேன்.

"சும்மா தலையைக் கெடுத்துக்காத. அப்ளிகேஷன் போகட்டும், அப்புறம் மெதுவா சொல்லு. ஏழு குடும்பம் கேரல். என் கம்பெனியிலும் ஆள் குறைக்கிறான், தெரியுமில்ல?"

சிறிது நேரம் கழித்து, "அந்தம்மா நம்பரை என்னன்னு சேவ் பண்ணிருக்க?"

"ராமாபுரம் 24."

அவர் எழுந்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜனவரி 27

டாக்டரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 28

இன்றும்.

ஜனவரி 29, புதன்

சொல்லிவிட்டேன். சீட்டுப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் ஈவ்லின் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"போன புதன்கிழமை."

"மிச்ச எட்டு பேரை யார் கூப்பிட்டது?"

நான் கூப்பிடவில்லை. ஏழு நாள்! கெம்பம்மாவை நினைத்து ஏழு நாள் அழுதேன், தூங்கவில்லை, நோட்டில் எழுதினேன். எட்டு எண்களும் என் மேஜையில் இருந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. என்ன பெண் நான்?

"அழறதெல்லாம் வீட்டுல வச்சுக்கோ. போனை எடு."

ஜனவரி 31, வெள்ளி

விண்ணப்பம் போனது. 31-க்கு 22. அதன் கீழே, விட்டுப்போன ஒன்பது பேரைப் பற்றி ஒரு பக்கம், டாக்டரே எழுதினார். என் பெயர் இல்லை. "எங்கள் குழு" என்றிருக்கிறது. நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு பிரதி.

"இதை எழுதினா கொடுக்க மாட்டாங்க டாக்டர்."

"தெரியும். அட்டாச்மென்ட் சரியா ஏறிச்சான்னு பாரு."

பிப்ரவரி 11, செவ்வாய்

ராமாபுரம் போய்வந்தோம். எட்டில் ஏழு பேரைப் பிடித்தாயிற்று, ஏழு பேரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மாதேவி என்ற பெண்ணுக்கு மட்டும் வாய்த்திட்டில் இப்போதே மாறுதல் தெரிகிறது. சின்னதாக வெட்டி எடுத்தால் போதும் என்றார் டாக்டர். எட்டாவது ஆள் ஜடையன். குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போனவர். போன் அணைந்து கிடக்கிறது.

கெம்பம்மா வீட்டுக்கும் போனேன். அவர் மைசூரில் வார்டில் இருக்கிறார். வினிதா டீ கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் போனை அத்தை சார்ஜ் இல்லாம விட்டதே இல்லீங்க மேடம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாக்கூட மடியிலதான். மைசூர்ல இருந்து கூப்புடுவாங்கன்னு."

ஏப்ரல் 3, வியாழன்

கெம்பம்மாவை வார்டில் பார்த்தேன். பேச முடியாது. கையால் குழந்தை அளவு காட்டி, எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். போனில் படம் காட்டினேன். கண்ணால் சிரித்தார்.

நடந்ததை முழுவதும் சொன்னேன், யாரும் கூப்பிடுவதாகவே இல்லை என்பதையும். கேட்டுக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை.

ஏப்ரல் 19

காலையில் வினிதா போன். எடுக்கும் முன்பே தெரிந்தது.

மே 30

ஃபெலோஷிப் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி சிறப்பு என்று இரண்டு பத்தி. அப்புறம், பங்கேற்றவர்களின் பாதுகாப்பு பற்றி ஒரு வரி. டாக்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

கடைசி நாள். ஏழு பேரில் இனி இருவர் மட்டும்தான் இங்கே இருப்பார்கள். சாவி, அலுவலகப் போன், சீட்டுப் புத்தகம் எல்லாம் ஒப்படைத்தேன். ஒரே ஒரு மஞ்சள் சீட்டை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். எண் 29, ஜடையனுடையது.

சாயங்காலம் வழக்கம்போல அவர் போனுக்குப் போட்டேன். ஐந்து மாதத்தில் முதல்முறையாக மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. பிறகு செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

ஜடையன் ஐயா, வணக்கம். நான் கேரல், போன வருசம் ராமாபுரம் முகாமுக்கு வந்த பொண்ணு. எதாவது இருந்தா கூப்பிடறோம்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய். நாங்க கூப்பிடலங்கறதால உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல. வாயை உடனே ஆஸ்பத்திரியில காட்டணும். எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இது என் சொந்த நம்பர். வேற யார் கையில இந்தப் போன் இருந்தாலும் அவருக்குப் படிச்சுக் காட்டுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.