மோட்டாரின் வாயை மூடியபோது

மார்ச் 4
எழுதும் அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை, மன்னிக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வருவதில்லை, அதனால் இங்கே.

நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா ஆக்சிஜன் மெஷினை அணைத்துவிட்டாள். இன்றும். மூக்கில் குழாய் இருக்கிறது, காற்றுதான் இல்லை. "நாள் பூரா மோட்டாரோட கிடந்துட்டு வர்ற. வீட்லயும் அதே இரைச்சலா?"
"டாக்டர் என்ன சொன்னார்? போடும்மா."
"போடுறேன், போடுறேன். நீ முதல்ல சாப்பிடு."

அந்த மெஷினுக்குள் ஓடுவது நான் வடிவமைப்பு வேலை பார்க்கும் எங்கள் கம்பெனியின் மோட்டார்.

மார்ச் 11
இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். மோட்டாரின் நடுவே சுழலும் ரோட்டர் சுற்றும்போது அதன் காந்தங்கள், எதிரே இருக்கும் இரும்புப் பற்களை ஒரே நேரத்தில் பிடித்து ஒரே நேரத்தில் விடுகின்றன. வெடுக், வெடுக். ஒவ்வொரு காந்தத்தையும் மூன்று துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு கொஞ்சம் திருப்பி ஒட்டினால் அந்த வெடுக் பரவி அடங்கும். வலு சிறிது குறையும்.

மேலாளர் நான் வரைந்த வரைபடத்தைப் பார்த்தார். "பவர் குறையுதே. சத்தத்தால யாரும் சாகலம்மா."
சரி சார் என்று வந்துவிட்டேன். என்ன சரி? எதுக்குச் சரின்னேன்?

மார்ச் 12
அம்மாவின் உதடு நீலமாக இருந்தது.

மார்ச் 13
"எங்கம்மா அந்தச் சத்தத்துக்காகவே மெஷினை அணைக்கிறாங்க சார்." அவ்வளவுதான் வந்தது.
அவர் பேனாவை மூடினார், திறந்தார். "சாம்பிள் ஒண்ணு பண்ணிப் பாரு."

ஏப்ரல் 20
முதல் ரோட்டரில் துண்டுகளை அதிகமாகத் திருப்பிவிட்டேன். சத்தம் போனது, வலுவும் கூடவே போனது. சத்தம் அளக்கும் அறைக்காரரை எல்லோரும் டெசிபல் என்பார்கள், அவர் குரல் வாசல் வரை கேட்கும். "உங்களைவிட அமைதியா ஒரு மோட்டார் வேணும்னா எப்படி தங்கச்சி?" என்றார். இன்று இரண்டாவதை ஓட்டிவிட்டு மீட்டரைத் தட்டினார். "ஓடுதா, இல்லையா?"

வலுவும் பெரிதாகக் குறையவில்லை.

மே 9
வீட்டு மெஷினில் புது மோட்டார். அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எம்பொண்ணு மோட்டாரோட வாயையே மூடிட்டா!" நான் வந்த பிறகும் அணைக்கவில்லை.

மே 10
மெஷின் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது இப்போது கேட்கிறது. அம்மாவின் மூச்சு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு விசில், பிறகு ஒரு இடைவெளி. காது வைத்துப் பிழைப்பவள் நான் — இது நல்ல சத்தம் இல்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மே 17
டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

மே 24
மதியம் அறைக்குள் நுழைந்தேன். விசில் சட்டென்று நின்றது. பதறி ஓடினேன். அம்மா விழித்துத்தான் இருந்தாள். உதட்டை இறுக்கி, மூச்சைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக் கூடாதாம்.

மெஷின் ஓடுகிறது. இப்போது தன் மூச்சையே அணைக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். இந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், கேட்டுவிட்டேன்.
"எனக்காக அடக்காதம்மா. சத்தமா மூச்சு விடு."