வளையாத சுவர்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் எழுதுவாய், அதில் நீ உன் அப்பாவுக்கு நேர் எதிர். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஒப்புக்கொண்டால் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய நூலகத்தின் சிற்பச் சுவரை நான் எடுத்த முந்நூறு படங்களிலிருந்து நீ கணினியில் உருவாக்கிய முப்பரிமாண வடிவத்தில், சுவரின் நடுப்பகுதி ஆறு சென்டிமீட்டர் புடைத்திருந்தது அல்லவா, அதைப் பார்த்த எங்கள் நூலகப் புதுப்பிப்புக் குழுவின் பொறியாளர் கல் கல்லாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று சாரம் கட்டவே ஆள் அனுப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷமாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன், இத்தனை வருஷத்தில் வயிறு தள்ளியது எனக்குத்தான், அதற்கில்லை. கொத்தனாரைக் கூட்டிப்போய் இரண்டு முனையிலும் ஒரே அளவுக் கட்டை வைத்து நூல் பிடித்து, சிற்பமில்லாத இடமாகப் பார்த்து அடிக்கு அடி இடைவெளியை அளந்தேன். எங்கும் நாலு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. செவுரு நேராத்தாம்மா நிக்குது, உங்க கம்ப்யூட்டருக்குத்தான் கூன் விழுந்திருக்கு என்றார் கொத்தனார்.

சுவர் நேராக இருப்பதை உனக்குச் சொன்ன மறுநாளே, கணக்கில் பிழை என்னுடையது என்று நீ உன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயாம், உன் அக்கா சொன்னாள். பிழை உன்னுடையது இல்லை. எல்லாப் படமும் நேராகவே பார்த்தால் லென்ஸின் வளைவைக் கணினி சுவரின் வளைவாக எடுத்துக்கொள்ளும், இரண்டு பக்கமிருந்தும் சாய்வாகவும் எடு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குக் கோணல் படம் என்றாலே ஆகாது. நேர்நேராக எடுத்துவிட்டு, சாய்வாகவும் எடுத்தாயிற்று என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீயும் அம்மா சொன்னால் சரிதான் என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் கணக்கில் போட்டுவிட்டாய்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து, படமும் என்னுடையது, தப்பும் என்னுடையது என்று சொல்லி நூலளவைக் காட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார், பிறகு சாரத்தைப் பிரிக்கச் சொன்னார். சாய்வாக நூற்றிருபது படங்களும், சர்வேயர் கருவி வைத்து அளந்த பத்துப் புள்ளிகளும் இன்று அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வடிவம் நூலோடு ஒத்துப்போகும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நீ பார்க்காமல் போடாதே, அம்மா அனுப்பினாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உனக்கு எல்லாம் நல்லபடியே அமையும். உன் மேலதிகாரிக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீ கொடுத்த கடிதத்தை நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள், என் தப்பு உன் பெயரில் இன்னொரு நாள் இருக்கக் கூடாது.

ஆசிகளுடன்,
உன் அம்மா