மூன்று அப்பாவிகள்

சனிக்கிழமை, இரவு

இன்று கைத்துப்பாக்கிப் போட்டிப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை. இதில் தேறினால்தான் கிளப் போட்டிகளில் ஓடி ஓடிச் சுட விடுவார்கள்.

இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறேன், அவசரம் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். நேரக்கருவி ‘பீப்’ என்றதும் அந்த நினைப்புப் பறந்துவிட்டது. மண்ணிற அட்டைகளைச் சுட வேண்டும். நடுவில் நிற்கிற வெள்ளை அட்டைகள் அப்பாவிகள், அவர்களைத் தொடவே கூடாது. நான் ஓடினேன், நின்றேன், சுட்டேன். முடிவில் மூன்று அப்பாவிகளும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மண்ணிறக்காரர்களில் பாதிப் பேருக்குக் கீறல்கூட இல்லை.

வேலிக்கு அப்பால் நின்ற என் கணவர் கத்தினார். “ஐயோ! ஆஸ்பத்திரி வோர்ட்டிலயும் நீர் உப்பிடித்தானோ?”

அழுகை வந்துவிட்டது. பரீட்சகர் டெப்ரா முதுகில் தட்டினார். தான் பார்ப்பது குறியை அல்ல, பாதுகாப்பை என்றார். துப்பாக்கி முனை ஒருபோதும் ஆட்கள் பக்கம் திரும்பவில்லையாம், ஓடும்போது விரல் விசையில் இல்லையாம். “நீ பாஸ். சுடுவதைப் பிறகு பழகலாம்” என்றார்.

என் கணவர்தான் டூங்கபியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கார் ஓட்டி வந்தார். வீட்டு வாசலில்தான் மெல்லச் சொன்னார்.

“நானும் பேர் குடுத்திட்டன். அடுத்த வகுப்பில இடமிருக்காம்.”

சிரித்து ஓம் என்றுவிட்டேன். இப்போது நித்திரை வரவில்லை. இந்த மனிதர் கார் எடுக்கும்போது எங்கள் குப்பைத்தொட்டியை மூன்று முறை இடித்தவர். அதுவும் அசையாமல் நிற்கிற தொட்டியை.