இரண்டாம் ஓலை

சேசு மரி சூசை

அஸ்தம்பட்டி, சேலம்
14-9-1959

அன்பு மகள் ஞானமேரிக்கு, அப்பா பாக்கியநாதன் எழுதுவது. என் மூட்டுவலி தேவலை. டில்லியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் சேர்ப்பேனா, தெரியவில்லை.

போலீஸ் வேலையை விடச் சொல்லாத வீடென்றால் சம்மதம் என்று எழுதியிருந்தாய். எல்லாம் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள் என்று பதில் போட்டேன். அது பொய், அம்மா. மாப்பிள்ளையின் தாயார் இன்னாசிமேரியம்மாளிடம் நீ டீச்சர் என்றுதான் சொன்னேன். காக்கி உடுப்பில் நீ நிற்கும் படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்தேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணும் போகாத வேலை. சர்வே ஆபீசில் முப்பது வருஷம் கோடு பிசகாமல் அளந்தவனுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

நேற்றுப் பாட்டுப் பூசையில், மூன்று ஞாயிறு அறிவிக்கும் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினார். சன்னல் வெளிச்சத்தில் தூபப் புகை, பனமரத்துப்பட்டி ஏரியின் காலைப் பனி போல் மிதந்தது. அதற்குள்ளிருந்து நீ நடந்து வந்தாய். பூட்ஸ் சத்தம்கூடக் கேட்டது. யாரோ எழுந்து நின்றார்கள். பார்த்தால் நான்தான். தடையில்லை சாமி, என் மகள் டீச்சரில்லை, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் என்று சொன்னேனாம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஓலை கேட்கப் புதுச்சத்திரத்திலிருந்து மகனோடு வந்திருந்த இன்னாசிமேரியம்மாள் வாசலில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க, திருடியவா பெத்து ஒளிச்சு வெச்சிருந்தீங்க? திருடனப் புடிக்கிற புள்ளையத்தானுங்களே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உனக்கு எழுதிய பொய்யையும் அவரிடம் சொன்னேன். பிறகு அவர் சிரிக்காமல், "பொய் சொன்னது எங்ககிட்ட மட்டுமில்லீங்க, அந்தப் புள்ளைகிட்டயும்தான். அது வாயால சம்மதம்னு வரட்டுங்க. அப்புறம் மூணாவது ஓலை வாசிச்சுக்கலாமுங்க" என்று முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை அமிர்தசாமி அருகில் வந்தார். உன் படத்தைக் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

வரும் ஞாயிறு ஓலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். வாசிக்கலாமா, கூடாதா, நீ எழுது. எதுவானாலும் லீவில் வா. உடுப்போடு ரயிலிலிருந்து இறங்கு. நான் பிளாட்பாரத்தில் முன்வரிசையில் நிற்பேன்.

தினமும் ஜெபம் முடிந்ததும் வடக்கே திரும்பி உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். அந்நேரம் தொப்பியைச் சற்றே கழற்றிக்கொள், மகளே.

உன் அப்பா
பாக்கியநாதன்