மூன்று வேளையும் சமைக்கிறோம் என்று சொன்னது

ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரபாகரனும் அந்த எடின்பரோ குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் நலம் என்று போன கடிதம் வரைக்கும் எழுதினேன், இந்தத் தடவை அதை எழுதக் கை தயங்குகிறது. பயப்படாதே, ஆஸ்பத்திரி சமாசாரம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் சாப்பிட்டியாம்மா என்று நீ கேட்பதும் ஆச்சு என்று நான் சொல்வதும் பழகிவிட்டது, அதற்கு மேல் வாய் வரவில்லை. மாடியில் குடியிருக்கும் எழிலரசி வேலூர் கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாள் அல்லவா, அவள்தான் உன் பெயரைப் போனில் போட்டுக் காட்டினாள். வரிசையாக முப்பத்தொரு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். அத்தனை பேர் தங்கள் கட்டுரையில் உன்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது நம் ஆரணிக் கட்டுரை, தனியாக வாழும் வயதான பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதினாயே, அது. முந்நூற்றுப் பதினான்கு. அவள் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் ஏறியிருக்கிறதா என்று கேட்பேன். ஏறியிருந்தால் யாரோ நம் வீட்டுக்கு வந்து போன மாதிரி இருக்கும். உன் அப்பா போன பிறகு வேறு யார் வருகிறார்கள், சொல்.

போன வாரம் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வந்தார்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு இரவுச் சாப்பாடு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டமாம். எதிர்வீட்டில் தறிக்கு நூல் சுற்றும் பூங்காவனம் நாற்காலி எடுத்துப் போட்டாள், பெயரெல்லாம் எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் திரும்பி வந்து, "ஆரணிப் பக்கம் தேவையில்லன்னு ஒரு ஆராய்ச்சியே இருக்குதும்மா, இங்க எல்லாரும் மூணு வேளையும் சமைச்சி சாப்புடுறாங்களாம்" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பூங்காவனம் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

தமிழு, அந்தப் பொய்க்கு ஆணிவேர் நான்தான். உனக்காகக் கேட்டு எழுதிக்கொள்ளக் கண்ணமங்கலத்து அமலா உன் கேள்விகளோடு வரப்போகிறாள் என்று நீ சொன்னதும், அவள் வருவதற்கு முந்தின நாளே வீடு வீடாகப் போனேன். "எம் பொண்ணுக்குப் பரீட்சை மாதிரிம்மா இது, எல்லாரும் நல்ல பதிலா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். தேவிகாபுரத்தில் என் தங்கை செல்லியம்மாளிடமும் சொல்லி அங்கேயும் பரப்பினேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் பேச்சை யார் தட்டுவார்கள். உண்மையைச் சொன்னால், ராத்திரிக்கு மதியச் சோறு மிஞ்சினால் மோர் ஊற்றிக் குடிக்கிறேன், இல்லாவிட்டால் டீயும் ஒரு பன்னும். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, ஒருத்திக்கு உலை வைக்க மாட்டேன் என்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் சோறே இல்லாமல் மறைத்தேன். தப்பு தெரிந்தால் எழுதியவரே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள் எழிலரசி. உன் பெயருக்குக் கெடுதலா என்றேன், அக்காவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்றாள். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் தவித்தேன். பூங்காவனத்திடம் கேட்டதற்கு, "வேணாங்க, பொண்ணு பேரு கெட்டுடும், நமக்குப் பழகிடிச்சி" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் நம்பியது என் பேச்சை, பாவம் அவர்களுக்குத் தெரியாது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள், அம்மா கெடுத்தாள் என்றே காரணம் எழுது. எனக்கு வெட்கம் இல்லை. இல்லை, இருக்கிறது, ஆனாலும் எழுது.

காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட ஆயுளோடு இருவரும் இருக்க வேண்டும். மறுபடியும் எங்களைக் கேட்பதாக இருந்தால் அமலாவை அனுப்பாதே, நீயே வா, நீ எதிரில் உட்கார்ந்து கேட்டால் எனக்குப் பொய் வராது. எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கொண்டு வா. நான் மெதுவாகத்தான் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொ. ஆதிலட்சுமி