மேடையில் செத்த பிள்ளைகள்

1958, கார்த்திகை 9.

எதிர்வீட்டு நாடக நடிகை பூரணத்தம்மாள் காலையில் இறந்துவிட்டார். மயானக் காட்சியில் செத்த பிள்ளையை மடியில் போட்டு அவர் அழுதால் கொட்டகையே அழும் என்பார்கள். அதற்கு அந்தந்த ஊரில் கைக்குழந்தையை இரவல் வாங்குவது வழக்கம். போன மாதம் என் பாபுவைக் கேட்டார்.

"பயப்படாத தாயி. மேடையில செத்த பிள்ளைக்கு ஆயுசு நூறு."

பி.ஏ. படித்தும் பயம் விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தலையணையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். மறுநாள் விடியலில், அரிதாரம்கூட முழுக்கக் கலையாமல் வாசலில் வந்து நின்றார்.

"காய்ச்சல் விட்டுச்சா தாயி?"

அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கொள்ளி வைப்பது யார் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. மதியம் வடமதுரையிலிருந்து மீசைக்காரர் ஒருவரும், நிலக்கோட்டையிலிருந்து பூ வியாபாரி ஒருவரும் செய்தி கேட்டு வந்தார்கள். இருவருமே குழந்தையில் அவர் மடியில் செத்துக் கிடந்தவர்களாம்.

"அம்மாவுக்கு நான் வைக்கிறேன்," என்றார் பூ வியாபாரி.

"ஏலே, உனக்கு மூணு வருசம் முன்னாடியே செத்தவன் நான். நான்தான் மூத்தவன்."

பூ வியாபாரி தம்பியைப் போல விலகி நின்றார்.

பாபு தூங்குகிறான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அன்றும் இல்லை.